வேட்டி கட்டும் நேரம்

"ஏட்டி பரிபூரணம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் போயிரும். என் தம்பி எம்புட்டு நேரமா வேட்டியோட மல்லுக்கட்டுதான். உள்ள போயிக் கட்டிவிட்டா என்ன?"

"நான் கட்டிவிட்டா அவிய கல்யாணத்துக்கு வர மாட்டாவ மதினி. அவியளே கட்டட்டும்."

"கல்நெஞ்சுக்காரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் பெத்தம்மாள்.

கதவு திறந்தது. வேட்டி கட்டி நின்றார் தங்கச்சாமி.

"கண்டுபிடிச்சிட்டேன் பரிபூரணம். தறிக்குப் பாவு ஏத்தும்போது நூலா சுத்துது? உருளைதான சுத்துது. வேட்டியோட ஒரு முனையைக் கதவிடுக்குல மாட்டிட்டு, நான் சுத்துனேன்."

தறி விபத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒற்றைக் கை, வெகுநாள் கழித்து அன்றுதான் மீசையை முறுக்கியது.