பானெட்டில் ஓட்டை

அத்தா விற்றுவிட்ட பழைய பீட்டில் காரைத் தேடிப்பிடித்து வாங்கி, பேகம்பூர் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தான் ஹஸ்ஸான். பானெட்டைக் காட்டும்போதே கோபம் தலைக்கேறியது.

"எங்க அத்தா பூ மாதிரி வச்சிருந்த வண்டிண்ணே! இன்ஜின் பின்னாடி இருக்கு. அதுவும் காத்துலயே சூடு ஆறுற இன்ஜின். முன்னாடி எந்த மடையன் இம்புட்டுப் பெரிய ஓட்டை போட்டான்? மழைத்தண்ணி இறங்கி அடித்தகடே துருப்பிடிச்சுப் போச்சு!"

"நாந்தான் தம்பி வெட்டுனேன்" என்றார் மெக்கானிக் ஈஸ்வரன்.

"அறிவிருக்காய்யா உனக்கு?" ஹஸ்ஸான் கையை ஓங்கிவிட்டான்.

ஈஸ்வரன் நகரவில்லை.

"வண்டிக்காரரு, 'காத்து போக ஓட்டை போடுறா'ன்னாரு. 'இதுக்கு வேணாம் பாய்'னு சொன்னேன். உடனே உங்க அத்தாவும் இப்படித்தான் கையை ஓங்குனாரு தம்பி. ஆனா, ஓங்குனதோட நிப்பாட்டல."