ஒன்பது ஈடு புத்தோ

"மூடி போட்டாச்சுன்னா பேசக்கூடாது. பேசினா புத்தோ உப்பாது," என்றேன், அரிசிமாவுப் பலகாரம் வேகும் ஆவிப்பானையை மூடிக்கொண்டே.

எதையோ சொல்ல வாயைத் திறந்த என் மகள் லின், அப்படியே மூடிக்கொண்டாள்.

அப்படி ஒரு விதி கிடையவே கிடையாது. அந்த நிமிடம் வாயில் வந்ததைச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டால், செத்துப்போன என் மாமியார் பேரைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை.

லின் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் விதிகளுக்கா பஞ்சம்? அடுப்படியில் பாட்டுப் பாடினால் பெண்டாட்டியை இழந்தவன்தான் மாப்பிள்ளையாக வருவான் என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பாடாமல் சமைக்க வைத்தவள் நான். இருபத்து நான்கு வயதில் இன்னொரு விதி அவளுக்குப் பெரிய பாரமாக இருக்காது.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாளாகத் தெரியும். பக்கத்து வீட்டு செபா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "உன் சின்னவளும் வெளிநாடு போறாளாமே, ஹாங்காங்குக்கு? மணிலாவுல டாக்டர் செக்கப் எல்லாம் முடிஞ்சிருச்சாமே?" என்று கேட்டாள். தெரியுமே என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்து லின்னின் துணிப்பெட்டியைக் குடைந்தேன். அடியில் புதுப் பாஸ்போர்ட் இருந்தது.

யாரோ பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் கூட்டிப்போகும் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம்.

மூத்தவளும் இரண்டு வருடம் என்றுதான் ரியாத் போனாள். ஒன்பது வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். பாதி நேரம் அவள் நெற்றி மட்டும்தான் தெரியும்.

இவள் வாயாலும் அதைக் கேட்க என்னால் முடியாது. சொல்லாதவரை அவள் போகவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாளைக்கு ஊர்த் திருவிழா. வருகிறவர்களுக்கு எண்பது புத்தோ தாராளம். ஊறவைத்து, அரைத்து, புளிக்க வைத்திருந்த மாவும் அதற்குத்தான். ஆனால் பத்து மணியிலிருந்து நான் அந்த மாவைக் குறையவே விடவில்லை. கொஞ்சம் அரிசி மாவு, கொஞ்சம் தேங்காய்ப்பால், ஒரு கை சர்க்கரை என்று சேர்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஆவிப்பானை ஒரு அடுப்பில், செபாவிடம் இரவல் வாங்கியது இன்னொரு அடுப்பில். இது இறங்கும்போது அது பாதி வெந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு மூடி எப்போதும் மூடியே இருந்தது.

"அம்மா, நான் வந்து..." என்று லின் ஆரம்பிப்பாள்.

நான் மூடியைக் கண்ணால் காட்டுவேன். அவள் அடுத்த கிண்ணத்துக்கு எண்ணெய் தடவுவாள்.

சீஸ் துண்டை வேகும்போது கடைசியில்தான் மேலே வைக்க வேண்டும். அதற்கு நடுவில் மூடியைத் திறக்க வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று மாவு ஊற்றும்போதே வைத்துவிட்டேன். சீஸ் எல்லாம் உள்ளே முங்கிப்போனது. இத்தனை வருடத்தில் அப்படிக் கேவலமான புத்தோ நான் செய்ததில்லை.

பதினொன்றரைக்கு அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். இரண்டு மூடிகளையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மாவைக் கலக்கினேன்.

அவள் கொல்லைப்பக்கம் போய்ப் பப்பாளி மரத்தடியில் நின்று பேசினாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். உள்ளே வந்து கையைக் கழுவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.

விதியை மதிக்கத் தெரிந்த பெண். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாவது ஈட்டோடு தேங்காய் தீர்ந்தது, அரிசி மாவு தீர்ந்தது. மணி பன்னிரண்டேகால். மேசை, பெஞ்சு, தையல் மெஷின் மேல் எல்லாம் புத்தோ. இனி வழியில்லை என்று முக்காலியில் உட்கார்ந்தேன்.

"சரி, சொல்லு. காலையிலேருந்து என்னமோ சொல்ல வந்தியே."

"இனிமே அதுக்கு அவசரமில்லம்மா." கிண்ணத்திலிருந்து ஒரு புத்தோவைத் தட்டில் கவிழ்த்தாள். "ஏஜென்சில பன்னெண்டு மணி வரைக்கும் டைம் குடுத்திருந்தாங்க. அதுக்குள்ள வேணாம்னா பேரை எடுத்துருவாங்க. இல்லன்னா டிக்கெட் போட்டுருவாங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எனக்குப் போக மனசே இல்லம்மா. போகாதடின்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், நின்னுடலாம்னு இருந்தேன். அதைக் கேக்கத்தான் வந்தேன். உங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டதா செபா அத்தை சொன்னாங்க. தெரிஞ்சும் நீ ஒண்ணும் பேசல. சரி, உனக்கும் சம்மதம்தான்னு நெனச்சுக்கிட்டு, போன் வந்தப்ப சரின்னுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"போகாதடி," என்றேன்.

லின் போனைத் திருப்பிக் காட்டினாள். பதினெட்டாம் தேதி, காலை ஆறு இருபது. ஜன்னலோர இருக்கைகூடக் கொடுத்திருந்தார்கள்.