சூடான நாற்காலி

எங்கள் வீட்டில் படிக்கும் மேசை ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான். தங்கை தினமும் காலை ஐந்து மணிக்கு அதில் உட்கார்ந்துவிடுவாள். "அவளைப் பாத்துக் கத்துக்கடி" என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது.

அவளை முந்துவதற்காக ஒருநாள் நாலரைக்கே எழுந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. மறுநாள் நாலு மணிக்குப் போனேன். அப்போதும் சூடு.

தூங்கிக்கொண்டிருந்தவளை உலுக்கினேன். "எத்தனை மணிக்குடி எழுந்து படிக்கிற? வந்து படுத்து நடிப்பு வேறயா?"

"நானாக்கா? போன வாரமெல்லாம் நான் போறப்பவே சூடாத்தான் இருந்துச்சு. நீதான் எனக்கு முன்னாடி படிச்சிட்டுப் போறேன்னு நெனச்சு எரிச்சலா வந்துச்சு."

அடுத்த நாள் மூன்று மணிக்கு இருவரும் சேர்ந்தே போனோம். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. மேசையில் என் கணக்கு நோட்டு விரிந்து கிடந்தது. நான் பாதியில் விட்ட கணக்கை யாரோ முடித்து, அடுத்த இரண்டு பாடங்களின் கணக்குகளையும் போட்டு வைத்திருந்தார்கள். கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஓர் அடித்தல்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எழுந்திருக்கணும்" என்றேன்.