சமவெளியின் அகலம்

ஆற்றில் தண்ணீரே இல்லை. மிச்சமிருந்த சேற்றில் நீர்யானைகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"எல்லாம் உயிரோடதான் இருக்கா?" என்று சந்திரகலா கேட்டாள். ஹாலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ரோவில் என்கிற புறநகரில் நாகராஜன், வேதவல்லி தம்பதியின் வீடு. இருவரும் தான்சானியா போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார்கள். கட்டாவி என்கிற தேசியப் பூங்கா. சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத மூலை. குட்டி விமானத்தில் போய் இறங்கியிருக்கிறார்கள். படங்களை டிவியில் காட்டத்தான் இன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சந்திரகலா டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் கணவன் வெங்கட்ராமன்.

அவளுக்கு ஓரப்பார்வை போய்விட்டது. குழாய்க்குள் பார்க்கிற மாதிரி நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெரியும். யானை என்றால் முதலில் தும்பிக்கை. தலையைத் திருப்பினால் காது. இன்னும் திருப்பினால் வயிறு. அவள் ஒரு யானையைச் சேர்த்து முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும்.

இந்த நாலு பேரில் கட்டாவிக்குப் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவள் அவள்தான்.

நாகராஜன் ரிமோட்டை அழுத்திக்கொண்டே சொன்னார்: "நியாயமா இதையெல்லாம் அப்பவே நாம நாலு பேரும் சேர்ந்து பார்த்திருக்கணும். ரெண்டு வருஷத்துல பார்வை சுருங்கிடும், காட்டணும்னா உடனே கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டரே சொன்னாருன்னு வெங்கட் வருத்தப்பட்டான். அப்புறமும் நீங்க ஏன் வேணாம்னீங்க?"

சந்திரகலா கணவன் பக்கம் திரும்பினாள். வட்டத்துக்குள் அவன் முகம் வந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று கண் பரிசோதனை முடிந்ததும், முடிவைக் கேட்கத் தைரியமில்லாமல், நீங்களே கேட்டுட்டு வாங்க என்று அவள் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் சிரித்த முகத்தோடு வந்தான். பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லையாம், என்றான்.

அந்த நிம்மதியில்தான் நாலு பேரும் போவதாக இருந்த பயணத்தை அவள் ரத்து செய்தாள். நாகராஜனுக்கு அவளே போன் பண்ணி, அவளே பேசி. முதலில் மகள் ஹரிப்பிரியாவின் பள்ளிப் படிப்பு முடியட்டும், சமையலறையையும் மாற்றிக் கட்டிவிடுவோம், காடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று சிரித்தாள்.

அப்போது வெங்கட்ராமன் எதிரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஆமா, காடு எங்கே போகப் போகுது" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. நாகராஜனுக்குத் தெரிந்திருந்தது, வேதவல்லிக்கும். கண்ணுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியவில்லை.

"நீ பயந்துடுவியேன்னுதான், கலா..." அவன் குரல் பாதியில் நின்றது.

நாகராஜன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். ஏதோ தவறிப்போய்விட்டது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? அடுத்ததைப் போடுங்க," என்றாள் சந்திரகலா.

அடுத்தது சாயங்கால வெயிலில் ஒரு சமவெளி. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை புல். அவள் வட்டத்துக்குள் வந்தது அதில் ஒரு கைப்பிடி.

வெங்கட்ராமன் அவள் காதருகே குனிந்தான். "இடது பக்கம் காட்டெருமைக் கூட்டம், கலா. வலது பக்கம்..."

"நீங்க சொல்லாதீங்க."

அவள் நாற்காலியை அவனிடமிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"வேதா, நீ இங்க வந்து உட்காரு. நீ சொல்லு, அது எவ்வளவு பெருசு?"