எலி விழாத ஊர்

தீர்த்தம்மாள் இன்றைக்கும் தம்பியைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கேழ்வரகுக் கதிரைக் கந்தல் துணியில் சுற்றி, வெளியே நீட்டியிருந்த காம்பை இரண்டு விரலால் பிடித்து, தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனாள். வைக்கோல் போருக்குப் பின்னால் குழி தோண்டி, அதைப் போட்டு மண்ணைத் தள்ளினாள். பிறகு கைத்தோல் உரியும்படி சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதமாக இதுதான் விளையாட்டு.

தாய் நஞ்சம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு வயது மகனைக் கொள்ளை நோய்க்குக் கொடுத்தாயிற்று. அவனைத் தூக்கிப் போன அன்றோடு மகளும் பேச்சை விட்டுவிட்டாள். கூரையில் ஏதாவது சரசரத்தால் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள்; வாசலில் கிடக்கும் கயிற்றுக் கட்டில்தான் அவளுக்கு வீடு. சோறு நாளுக்கு நாள் தட்டிலேயே மிஞ்சியது.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிய வருஷம் அது. பாலக்கோட்டுப் பக்கத்தில் வீட்டைப் பூட்டுவதென்றால் எலிக்குப் பயந்துதான். யார் வீட்டில் எலி செத்து விழுந்தாலும் அந்த வீட்டுக்காரன் அப்போதே ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஊரே காட்டில் கொட்டாய் போட்டுக் குடியேறிவிடும். கல்யாணமானாலும் காரியமானாலும் அப்படியே நிற்கும்.

இந்த ஊரில் மட்டும் எலியே விழாமல் நோய் வந்தது. தை மாதம் நஞ்சம்மாளின் புருஷன் மாதேஸ்வரன் தன் தங்கை கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தினான். அவன் தோளில் போட எடுத்து வைத்திருந்த பச்சைக்கரைத் துண்டு காணாமல் போனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. எட்டாம் நாள் முதல் ஆள் படுத்தான். ஊர் சுதாரித்துக்கொண்டு வெளியேறுவதற்குள் பதினொரு பேர் போய்விட்டார்கள். நோய் அடங்கிய பிறகுதான் ஊர் வீடு திரும்பியது.

எலி விழவில்லை என்றால் வேறென்ன, காத்துக் கருப்பாகத்தான் இருக்கும் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செத்த தம்பியே அக்காளைப் பிடித்திருக்கிறான் என்றும் சொன்னார்கள். பூசாரி கருப்பண்ணன் வந்து பார்த்துவிட்டு, வருகிற செவ்வாய்க்குள் இவள் பேசாவிட்டால் தம்பி இவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்றார்.

மாதேஸ்வரன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பூசையெல்லாம் வேண்டாம், பேசும்போது பேசட்டும் என்றான். மகள் நிமிர்ந்து பார்த்தாலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவான். மகனைப் பறிகொடுத்த துக்கம் மனுசனை இப்படி ஆக்கிவிட்டதே என்று நஞ்சம்மாள் அவனுக்கும் சேர்த்து அழுதாள்.

ஆனாலும் பெற்ற மனம் பித்து. இந்த ஒரு விஷயத்தில் அவள் புருஷன் பேச்சைக் கேட்கவில்லை.

"இதுவும் போயிருச்சுன்னா நான் கெணத்துலதாங்க விழுவேன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதுக்கு வாசலில் ஊரே கூடிவிட்டது. பாதிப் பேர் வீட்டில் சாவு விழுந்திருந்தது. கருப்பண்ணன் உடுக்கை அடித்தார், எலுமிச்சம்பழம் அறுத்தார், வேப்பிலையால் விசிறினார். யார் நீ, யார் நீ என்று கேட்டுக் கேட்டு அவர் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிள்ளை மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு அலுப்போடு சொன்னார். "சரி தாயீ, பேரு சொல்ல வேணாம். உன் வாயைக் கட்டுனது எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டு."

தீர்த்தம்மாள் எழுந்தாள். கூட்டம் வழி விட்டது. வைக்கோல் போருக்குப் பின்னால் போய், தான் கட்டிய சின்னச் சின்ன மண்மேடுகளையெல்லாம் தாண்டி, போரின் அடிக்கல்லை ஒட்டி உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தாள்.

மாதேஸ்வரன் ஓடி வந்தான். "வுடுங்க, பச்சப்புள்ளய வுடுங்க," என்று குறுக்கே விழுந்தான். பூசாரி அவனைப் பிடித்து நிறுத்தினார்.

முழங்கை ஆழத்தில் ஒரு துணி மூட்டை வந்தது. மண்ணேறிக் கிடந்தாலும் பச்சைக்கரையை நஞ்சம்மாளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கல்யாணத்தன்று அவள் வீடெல்லாம் தேடிய துண்டு.

பிள்ளை மூட்டையைப் பிரித்தாள். உள்ளே இருந்ததை இரண்டு விரலால் வால் நுனியைப் பிடித்து, கேழ்வரகுக் கதிரைத் தூக்குவது போலவே தலைகீழாகத் தூக்கினாள். காய்ந்து தோலும் எலும்புமாகிவிட்ட எலி.

நஞ்சம்மாள் மெதுவாகத் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

தீர்த்தம்மாளும் அவனைத்தான் பார்த்தாள். மூன்று மாதம் பூட்டிக் கிடந்த குரல் கரகரவென்று வெளியே வந்தது.

"இப்பச் சொல்லலாமாப்பா?"