டம்ளரில் ஒரு பெயர்

பத்திரப் பதிவு அலுவலகப் பலகையில் நாற்பத்தொன்று.

அவள் கையில் இருந்த டோக்கன் நாற்பத்து நான்கு. முறை வருவதற்குள் அந்தப் பெயரை மறந்துவிடப் பார்த்தாள். முடியவில்லை.

பூங்கோதை.

காலையில், அவள் வாங்கப்போகும் வீட்டில் காபி கொடுத்தார்கள். பத்திரப் பதிவுக்குக் கிளம்புகிறவர்கள் வெறும் வாயோடு போகக் கூடாது என்று விற்கிற அண்ணன் தம்பியில் மூத்தவரின் மனைவி பிடிவாதமாகக் கொடுத்த காபி. குடித்து முடித்தபோது டம்ளரின் விளிம்புக்குக் கீழே விரலில் எழுத்துத் தட்டுப்பட்டது. புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தாள்.

மாசிலாமணி மகள் பூங்கோதை. மஞ்சள் நீராட்டு விழா. 9.6.1991.

"குடுங்க, கழுவி வெச்சிடறேன்" என்று அந்த அம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாங்கினாளா, பிடுங்கினாளா என்றுதான் தெரியவில்லை.

மாசிலாமணி இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவருக்கு முன்பே மனைவியும் போய்விட்டார். வீட்டை விற்பது மகன்கள் இரண்டு பேர், தனபாலும் சிவராசும். வாரிசுச் சான்றிதழில் அந்த இரண்டு பெயர்தான். மகள் என்று ஒருத்தி எந்தக் காகிதத்திலும் இல்லை.

டம்ளரில் இருக்கிறாள்.

இருபத்தாறு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சேர்த்ததெல்லாம் இப்போது ஒரே ஒரு வங்கி டிடியாகக் கைப்பைக்குள் இருந்தது. நாளைக்கு அந்தப் பூங்கோதை வந்து கதவைத் தட்டி, என் பங்கு எங்கே என்று கேட்டால்?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வழியெல்லாம் தாண்டி வந்து உட்கார்ந்த பிறகும் பயம்.

வக்கீல் பார்த்துவிட்டார்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் இதுதான். தம்பி கேட்டான். வக்கீல் பார்த்துவிட்டார். வார்டில் கேட்டார்கள். வக்கீல் பார்த்துவிட்டார். அப்படிச் சொல்லும்போது ஒரு நிம்மதி இருந்தது, பொய் இல்லை.

வக்கீல் ஜெகதீசன் பதினொரு பக்கத்துக்குக் கருத்து எழுதி, சுருள் கம்பி போட்டுக் கொடுத்திருந்தார். முதல் பக்கத்திலேயே 'வில்லங்கம் ஏதும் இல்லை' என்று இருந்தது. அவள் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். இன்று காலையில்தான் அங்கிருந்து எடுத்துப் பையில் வைத்தாள். சாமிக்கு வைத்ததை யாராவது பிரித்துப் படிப்பார்களா?

வராந்தாவுக்குப் போய் அவருக்குப் போன் செய்தாள். நான்காவது தடவைதான் எடுத்தார். கோர்ட்டில் இருந்தார் போல, குரல் தாழ்ந்திருந்தது.

டம்ளரைப் பற்றிச் சொன்னாள்.

"எங்கிட்ட வந்த காகிதத்தப் படிச்சுச் சொன்னேம்மா. டம்ளரெல்லாம் நான் படிக்கறதில்லீங்க. கடைசிப் பக்கத்தப் பாருங்க. பாத்துட்டு அவங்களையே கேளுங்க. கேக்காம மட்டும் கையெழுத்துப் போட்டுறாதீங்க."

கடைசிப் பக்கம் மஞ்சளில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது. நகத்தால் நெம்பினாள்.

'என்னிடம் காட்டப்பட்ட நகல்களை மட்டும் வைத்து இக்கருத்து தரப்படுகிறது. வாரிசுகள் குறித்து வாங்குபவரே நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.'

வாங்குபவர் என்றால் அவள்தான்.

அக்கம்பக்கத்தில் அவர் விசாரித்திருப்பார் என்று நினைத்திருந்தாள். அந்தத் தெருவுக்கே போய் நின்று பார்த்திருப்பார் என்று நினைத்திருந்தாள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் தன் பயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொள்வார் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கோபப்படக்கூட வழியில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். பலகையில் நாற்பத்து மூன்று.

எதிர் பெஞ்சில் அண்ணனும் தம்பியும். தனபால் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். சிவராசு சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுப்பதும் செருகுவதுமாக இருந்தார்.

கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்களோ? குடியிருக்கும் வீட்டை ஒன்றாம் தேதி காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது.

கேட்காவிட்டால்?

ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகளிடம் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"அண்ணா, பூங்கோதை இப்ப எங்க இருக்காங்க?"

"அப்பிடி யாரும் இல்லீங்களே" என்றார் தனபால்.

"அக்கா செத்துப்போச்சுங்க" என்றார் சிவராசு.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி பேனாவைப் பார்த்தார்.

செத்துப்போனால் பங்கும் செத்துப்போவதில்லை. பெற்ற பிள்ளைகளுக்குப் போகும். அதைச் சொல்ல வக்கீல் வேண்டாம், அவளுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பற்றி எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறாள். அடுத்த கேள்வி வாய்க்குத் தானாக வந்தது.

"அக்காவுக்கு எத்தனை குழந்தைங்க?"

சிவராசு பேனாவைப் பையில் செருகினார். அவர் கண் நிறைந்துவிட்டது.

பலகையில் நாற்பத்து நான்கு விழுந்தது.

"எந்திரிங்க, நம்மதுதான்" என்று பத்திரம் எழுதியவர் கதவருகே நின்று கூப்பிட்டார்.

மூன்று பேரில் யாரும் எழுந்திருக்கவில்லை.