முதல் அத்தியாயத்தில் சாகிறவன்

மாதம் ஒரு பேய்க்காதல் நாவல் எழுதும் பூங்கோதையைப் பேட்டி எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். “மேடம், உங்க நாவல்ல வர்ற ஆவி எல்லாம் காதலிக்குக் காபி போட்டுத் தருது. எங்கிருந்து வந்துச்சு இந்தக் கற்பனை?” பூங்கோதை வாயைத் திறப்பதற்குள் சோபாவில் சாய்ந்திருந்த கணவர் தணிகாசலம் முந்திக்கொண்டார். “வேற யாரு, அந்த ஆவி நான்தான். இந்தத் தாடை மச்சம்கூட அப்படியே வரும், பாருங்க.” சொல்லிக்கொண்டே டம்ளரை மனைவி பக்கம் நீட்டினார். “சூடே இல்ல. வேற போட்டுக் கொண்டா.” கல்யாணமான நாளிலிருந்து நீண்டுகொண்டே இருக்கும் கை. இன்று அவள் டம்ளரை வாங்கவில்லை. “நிஜந்தாம்மா. மச்சம், நடை, குரல் எல்லாம் இவரோடதுதான். ஆனா உயிரோட வச்சுக்கிட்டு இவரை நல்லவரா எழுத எனக்குக் கை வரல. எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துக் கிழிச்சுப் போட்டிருக்கேன். அதான் ஒவ்வொரு நாவல்லயும் முதல் அத்தியாயத்துலயே கொன்னுடறேன்.” தணிகாசலத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. டம்ளர் மட்டும் நீட்டியபடியே இருந்தது. பூங்கோதை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “செத்ததுக்கு அப்புறந்தான் இந்த மனுஷன் எழுந்து அடுப்படிக்குப் போறார்.”